நாற்காலி தெரிந்தால் போதும்

உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை வீட்டில் இருந்தபடி யாரும் எந்த வேலையும் செய்ததில்லை. இனிமேலும் செய்யப்போவதில்லை.

இது லிஃப்ட் மெக்கானிக்கின் தீர்ப்பு. இடது கால் தொடையிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டுக்குள் இருந்தது. அந்தக் காலை மூன்று தலையணைகளின்மேல் பீரங்கி மாதிரி ஏற்றி வைத்துக்கொண்டு, உள்ளறைக் கட்டிலில் படுத்தபடியே இதை அவர் அறிவித்தார். கேட்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி மனைவி. காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் அவள் கணக்கில் வரமாட்டாள். இன்னொருத்தி அவருடைய அம்மா.

"கப்பல் ஓட்டுறவன் வீட்ல உக்காந்து ஓட்டினானா? பல்லு புடுங்குற டாக்டரு அவர் வீட்லேருந்து உன் வாய்க்குள்ள கையை விட்டாரா? வேலைன்னா செருப்பு மாட்டணும்மா. செருப்பு மாட்டாம செய்யறதுக்குப் பேரு வேலையில்ல."

"அப்போ நாப்பது வருஷமா நான் அடுப்படியில செஞ்சதுக்கு என்னடா பேரு?"

"அது வேலையில்லம்மா. அது வீடு."

அம்மா கையிலிருந்த ஈரத் துணியை ஓங்கி ஒரு உதறு உதறினாள். மகன் முகத்தில் தண்ணீர் தெறித்தது. தற்செயல் என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

பதினேழு வருஷம் லிஃப்ட் கிணறுகளுக்குள் ஏறி இறங்கியவர் அவர். பன்னிரண்டு மாடி ஆழத்தின்மேல் ஒற்றைக் கம்பியில் நின்று கிரீஸ் தடவியிருக்கிறார், ஒரு கீறல் பட்டதில்லை. போன மாதம் சொந்தச் சமையலறையில் பல்பு மாற்ற ஸ்டூல்மேல் ஏறினார். இரண்டடி உயரம். கால் இரண்டு இடத்தில் உடைந்தது. அதையும் தன் கொள்கைக்கு ஆதாரமாகச் சேர்த்துக்கொண்டார்: "பாத்தீங்களா? வீட்ல வேலை செஞ்சா இதான்."

மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. ஊரில் அறுபத்துச் சொச்சம் கட்டடங்களின் லிஃப்டுகள் அந்தக் கம்பெனியின் பராமரிப்பில் இருந்தன. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் அங்கே ஒட்டியிருக்கும் நம்பருக்கு அடித்தால் அவள்தான் எடுப்பாள். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, ஆள் வெளியே வரும்வரை லைனில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்பது வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம் மூன்று. ஆள் வெளியே வராமல் போனை வைக்கக் கூடாது. கையில் இல்லாத நேரத்தை வாயால் கொடுக்கக் கூடாது. மாட்டிக்கொண்டவர் திட்டிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை, திட்டு குறைய ஆரம்பித்தால்தான் ஆபத்து.

கட்டிலில் இருப்பவர் தொண்ணூறு கிலோ. அவருடைய அம்மா நாற்பத்திரண்டு கிலோ. பாத்ரூமுக்கு அழைத்துப்போக யாராவது ஒருத்தர் தோள் கொடுக்க வேண்டும் என்றால் எந்தத் தோள் என்பது சொல்லாமலே விளங்கும். ஆறு வாரம் வீட்டிலிருந்தே போன் எடுக்கிறேன் என்று அவள் முதலாளியிடம் கேட்டாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஏம்மா, நீ வீட்ல இருக்கேன்னா நீ வேலை பாக்குறியா, வெண்டைக்கா நறுக்குறியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போன் எடுக்குறேனான்னு பாருங்க சார்."

"போன் எடுத்தா காதுக்குத்தான் தெரியும். எனக்குக் கண்ணுக்குத் தெரியணும்."

முடிவில் இப்படி ஏற்பாடானது. அவளுடைய லேப்டாப் கேமரா காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை எரிய வேண்டும். அது அவளுடைய நாற்காலியைப் பார்த்தபடி இருக்கும், முதலாளி தன் மேசையில் அதைப் பார்த்தபடி இருப்பார். சத்தம் வேண்டாம், அவருக்குத் தலைவலி வரும். "பேச்செல்லாம் எனக்கு வேணாம்மா. நாற்காலி தெரிஞ்சா போதும்." கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டும். பத்து நாள் பார்ப்போம். சரிப்படவில்லை என்றால் மறுநாளே ஆபீஸுக்கு வர வேண்டும், இல்லையென்றால் முதலாளியின் தங்கை மகள் அந்த நாற்காலிக்குத் தயாராக இருக்கிறாள். அந்தப் பெண் ஏற்கெனவே ஒருமுறை வந்து உட்கார்ந்து பார்த்து, முதுகு வலிக்கிறது, வேறு நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

முதல் நாள் அட்டையோடு அவளைப் பார்த்ததும் மெக்கானிக் கட்டில் ஆடச் சிரித்தார். "வீட்டுக்குள்ள யாருக்கு அட்டை காட்டுற? நான் உன் புருஷன்தான், எனக்கு உன்னைத் தெரியும்."

"உங்களுக்கு மறந்துடக் கூடாதுன்னுதான்" என்றாள்.

ஆபீஸில் இருந்த ஒன்று மட்டும் வீட்டில் இல்லை. அங்கே அவள் தலைக்குமேல் ஒரு மரப்பலகை உண்டு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு ஆணி, ஆணியில் சாவி. எந்த மெக்கானிக் எங்கே போனாலும் அவன் பெயர்ச் சீட்டு அந்த ஆணியில் தொங்கும். ஏறிட்டுப் பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டில் அதற்குப் பதிலாக அவள் கண்டுபிடித்தது துணி காயப்போடும் கொடி. மழைக்காலமாதலால் கொடி கூடத்துக்குள்ளேயே கட்டியிருந்தது. அதன் ஒரு பாதியில் அட்டைத் துண்டுகளில் பேட்டை பேட்டையாக எழுதித் தொங்கவிட்டாள்: மார்க்கெட், ஆஸ்பத்திரி ரோடு, பேக்கரித் தெரு, பாலம் தாண்டி. கணவர் படுத்துவிட்டதால் இப்போது வெளியே இருப்பது இரண்டே மெக்கானிக்குகள். பழைய கை ஒருவர், எல்லோரும் மீசை என்று கூப்பிடுவார்கள். அவருக்கு சிவப்பு கிளிப். இன்னொருவர் இருபது வருஷம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்துவிட்டு இரண்டு மாதத்துக்கு முன்னால் லிஃப்டுக்கு மாறியவர். பெயர் ஃப்ரிட்ஜ். அவருக்கு நீல கிளிப். அவரைத் தனியாக ஆள் மீட்கவிடுவதில்லை.

கொடியின் மறுபாதி அத்தையின், அதாவது மெக்கானிக்கின் அம்மாவின், ஆட்சியில் இருந்தது.

"எட்டு கிளிப்புல ரெண்டை நீ எடுத்துக்கிட்டே. நான் பத்துத் துணியை எப்படி மாட்டுவேன்?" என்று அத்தை முதல் நாளே கேட்டாள்.

"அத்தை, அது கிளிப் இல்ல. மனுஷங்க."

"மனுஷங்கதான் வெளிய நிக்கிறாங்களே. இங்க எதுக்கு?"

ஐந்து நாள் நல்லபடியாகப் போனது. ஆறாம் நாள் விடியும்போதே மழை கூரையை இடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கரண்ட் போய்வந்தால் பழைய லிஃப்டுகள் நடுவில் நின்றுவிடும். ஒன்பதரைக்குள் ஏழு அழைப்புகள். மீசை பாலம் தாண்டித் துணிக்கடைக் கட்டடத்துக்குப் போவதாகச் சொன்னார், அவள் எழுந்து சிவப்பு கிளிப்பைப் பாலம் தாண்டியில் மாட்டினாள். ஃப்ரிட்ஜ் ஆஸ்பத்திரி ரோட்டில் பட்டன் மாற்றிக்கொண்டிருந்தார்.

பத்து ஐம்பதுக்கு போன் அடித்தது. பேக்கரித் தெருவில் நாலு மாடிக் கட்டடம்.

"உங்க கம்பெனியும் உங்க லிஃப்ட்டும்! கீழ எறங்கி நாலு தபாலை எடுத்துட்டு மேல போறது ஒரு குத்தமா? மூணாவது மாடியில இருக்கேன்னுதானே லிஃப்ட்டு வெச்சிருக்கு, எனக்குப் பொழுதுபோகலேன்னா வெச்சிருக்கு?"

"பயப்படாதீங்கம்மா. நீங்க ஒருத்தர்தானா உள்ள?"

"ஒருத்திதான். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எங்கயோ நிக்குது. எனக்கு மூச்சிரைப்பு இருக்கும்மா. இன்ஹேலர் மேல வீட்ல இருக்கு. வீட்டுச் சாவி என் கையில இருக்கு. எவ்வளவு அழகா அமைஞ்சிருக்கு பாத்தியா?"

அவள் தலையைத் தூக்கிக் கொடியைப் பார்த்தாள். சிவப்பு கிளிப் மார்க்கெட் அட்டையில் இருந்தது. பேக்கரித் தெருவுக்கு அடுத்த தெரு மார்க்கெட்.

"மெக்கானிக் பக்கத்துலதாம்மா இருக்காரு. அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாரு."

வாயிலிருந்து அது வெளியே போய்விட்டது.

இன்னொரு போனில் மீசையை அழைத்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவில் அவர் கத்தினார்: "மார்க்கெட்டா? நான் பாலம் தாண்டி வந்துட்டேன் தங்கச்சி! உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்! பாலத்து மேல தண்ணி. வண்டியெல்லாம் நிக்குது. ஒரு மணி நேரமாவது ஆகும்."

அவள் திரும்பினாள். அத்தை கூடத்து வாசலில் வாளியோடு நின்றிருந்தாள்.

"அத்தை, சிவப்பு கிளிப்பைத் தொட்டீங்களா?"

"எடுத்துட்டு வெச்சுட்டேனே. இவன் யூனிஃபார்ம் சட்டை அலமாரியில கிடந்து பூஞ்சை புடிச்சிருந்துச்சு, அலசினேன். கழுத்துப் பட்டி தாங்கலே. கொஞ்ச நேரம் அதுல மாட்டிட்டு, வேற கிளிப்பு கெடச்சதும் திருப்பி வெச்சுட்டேன். எடுத்தா வைக்கத் தெரியாதா எனக்கு?"

"எங்க வெச்சீங்க?"

"காலியா இருந்த இடத்துல."

அவள் மறுபடி கொடியைப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சா?" என்றது காதில் குரல். "வாட்ச்மேன் தீயணைப்புக்குப் போன் பண்றேன்னான். நீ அஞ்சு நிமிஷம்னு சொன்னதாலதான் வேணாம்னேன்."

தீயணைப்புக்கு அவளே அடித்தாள். எல்லா வண்டியும் மரம் விழுந்த இடத்தில் நிற்கிறது, நாற்பது நிமிஷம் ஆகலாம் என்றார்கள். ஃப்ரிட்ஜுக்கு அடித்தாள். அவர் ஏழு நிமிஷத்தில் போய்விடுவார். போய் என்ன செய்வார்? அந்தக் கட்டடத்தில் இருப்பது முப்பது வருஷத்து மெஷின். மொட்டைமாடி அறையில் ஏறி, பிரேக்கைக் கையால் விட்டு, வீலைச் சுற்றி, கூண்டை மாடிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். அதை ஒழுங்காகத் தெரிந்தவர் ஊரில் இரண்டு பேர். ஒருவர் பாலத்துக்கு அந்தப் பக்கம். இன்னொருவர் உள்ளறையில் படுத்துக்கொண்டு காலுக்குள் அரிக்கிறது என்று ஸ்கேல் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் ஹெட்போனோடு எழுந்தாள். நாற்காலி காலியானது. கேமரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, பேக்கரித் தெரு கட்டடம். ஒரு அம்மா உள்ள. மூச்சிரைப்பு. மீசையண்ணன் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஃப்ரிட்ஜ்தான் போறாரு. நீங்க போன்ல சொல்லிக் குடுங்க."

"அந்த மெஷினையா? அதைப் போன்ல எறக்க முடியாது. அது கை வேலை. பக்கத்துல நின்னு பாக்கணும், தொட்டுப் பாக்கணும். வீட்ல படுத்துக்கிட்டு எவனாலயும்..."

"அப்போ செருப்பை மாட்டுங்க, போலாம்."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். கையை நீட்டினார்.

"குடு போனை."

ஃப்ரிட்ஜ் போய்ச் சேரும் நேரம் பார்த்து, அவருடைய போனிலேயே அவள் அடித்துக் கொடுத்தாள். ஃப்ரிட்ஜ் அப்போதுதான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார், மூச்சு வாங்கியது.

"மாஸ்டரா! நல்லவேளை மாஸ்டர். இந்த மெஷினை நான் பாத்ததே இல்ல."

"இப்போ பாரு. வாட்ச்மேனையும் கூட்டிக்கிட்டு மேல போ. ரெண்டு பேர் வேணும். போனை ஸ்பீக்கர்ல போடு. நான் சொல்லாம எதையும் தொடாதே. ஃப்ரிட்ஜுன்னு நெனச்சுக்காதே. ஃப்ரிட்ஜ் கெட்டா பால் கெடும், அவ்வளவுதான்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு காதில் அந்த அம்மா. எதிரே கணவர் கையில் இன்னொரு போன். அவளுடைய சொந்த போனில் வேறொரு அழைப்பு வந்து மின்னியது: முதலாளி. அவள் துண்டித்தாள். மறுபடி மின்னியது. மறுபடி துண்டித்தாள்.

"அங்க என்ன குக்கர் சத்தம்?" என்றாள் அந்த அம்மா. "நீ ஆபீஸ்ல இருக்கியா, வீட்ல இருக்கியா?"

"வீட்லதாம்மா."

"வீட்லேருந்தா... என்னை... வெளிய எடுக்கப் போறே?"

இடையில் இரண்டு மூச்சு. அவள் அதை எண்ணிக்கொண்டாள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் இதே ஆள் ஒரு மூச்சில் தபாலையும் கம்பெனியையும் சேர்த்துத் திட்டினார்.

"ஆமாம்மா. திட்டுங்க, பரவாயில்ல. தப்பு என்னோடது. அஞ்சு நிமிஷம்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. நல்லா திட்டுங்க."

"திட்டறதுக்கு... கூட..." அதற்குமேல் வரவில்லை.

"தரையில உக்காருங்கம்மா. முன்னாடி சாஞ்சு, கையை முட்டி மேல ஊணிக்குங்க. மெதுவா மூச்சு விடுங்க. நான் எங்கயும் போகல."

இன்னொரு போனில் ஃப்ரிட்ஜ் மெஷின் ரூமுக்குள் வந்துவிட்டார். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் போனுக்குள் கொட்டியது.

"முதல்ல மெயினை அணை" என்றார் மெக்கானிக். "அணைச்சு, பூட்டைப் போட்டு, சாவியை உன் பாக்கெட்ல போடு."

"ரெண்டு கைப்பிடி இருக்கு மாஸ்டர். எழுத்தெல்லாம் அழிஞ்சிருக்கு. ...அணைச்சுட்டேன். பூட்டிட்டேன். வீலைப் புடிக்கவா?"

"இரு."

மெக்கானிக் போனைக் காதில் அழுத்திக்கொண்டு மறு காதில் விரலைவிட்டார். கண்ணை மூடினார். சமையலறையில் குக்கர் நாலாவது விசில் விட்டது.

"குக்கரை நிறுத்தும்மா!"

அத்தை ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். நாற்பது வருஷத்தில் யாராவது சொன்னதும் அவள் அடுப்பை அணைத்தது அன்றைக்குத்தான்.

"ஃப்ரிட்ஜ், போனை அந்தக் கரண்ட் பெட்டிக்குப் பக்கத்துல நீட்டு. இன்னும் கிட்ட. ...ம்ம்ம்னு ஒரு சத்தம் வருதே?"

"மழை மாஸ்டர்."

"மழை இப்படிப் பாடாது."

அப்போது அவள் காதில் அந்த அம்மாவின் குரல், மிகச் சின்னதாக: "இருட்டு."

"என்னம்மா?"

"லைட்டு... போச்சு."

அவள் கணவரின் கையைப் பிடித்தாள். "என்னங்க, உள்ள இப்பதான் லைட் அணைஞ்சிருக்கு."

மெக்கானிக் கட்டிலில் நிமிர்ந்தார். "டேய், கையை எடு! எதுல வெச்சிருந்தாலும் எடு! நீ அணைச்சது லைட்டு. மெயின் உயிரோட இருக்கு!"

போனில் மழை மட்டும் கேட்டது.

"ஃப்ரிட்ஜ்!"

மழை.

"யோவ், ஃப்ரிட்ஜ்!"

"எடுத்துட்டேன் மாஸ்டர்" என்றது குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "வீல் மேல வெக்கப் போனேன். வெக்கல."

கூடத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அத்தை போய்த் திறந்தாள். முதலாளி நின்றிருந்தார். குடை இருந்தும் இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தார். பதினான்கு நிமிஷம் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, நாலு முறை போன் அடித்து நாலு முறையும் துண்டிக்கப்பட்டு, கையும் களவுமாகப் பிடிக்கக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். ஆபீஸைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"எங்க உங்க மருமக?"

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. சேறு" என்றாள் அத்தை.

அவர் கழற்றினார். விறுவிறுவென்று உள்ளறை வாசல்வரை போனார். அங்கேயே நின்றுவிட்டார். அவருடைய மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு, வேர்வை வழிய, காற்றில் ஒரு கையால் இல்லாத சக்கரம் ஒன்றைப் பிடித்திருந்தார்.

"இப்போ மத்த கைப்பிடி. இறக்கு. லைட்டை மறுபடி போடு. உள்ள லைட் வந்துச்சா கேளு."

"வந்துச்சாம்மா?" என்றாள் அவள். பிறகு கணவரிடம், "வந்துடுச்சாங்க."

"பெட்டிகிட்ட போனை நீட்டு. ...ம். செத்துடுச்சு. பூட்டு. இப்போ கேளு, ஒரே ஆள்தான் உள்ள. அதனால பிரேக்கை விட்டா கூண்டு தானா மேல ஏறப் பாக்கும், எதிர்ப்பக்கம் எடை ஜாஸ்தி. நீ கீழ இழுக்காதே. அது போற பக்கம் விடு, ஆனா ஓடவிடாதே. வாட்ச்மேன் லீவரை அமுக்கட்டும், நீ வீலை ரெண்டு கையால புடி. கயித்துல மஞ்சப் பெயிண்ட் தெரியுதா? நான் அடிச்சதுதான். அந்த மஞ்சள் இரும்புச் சட்டத்துக்கு நேரா வந்தா மாடிக்கு நேரா வந்துடுச்சுன்னு அர்த்தம். கால் சுத்து விடு. நிறுத்து. ...டக்னு ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. ரெண்டு கேக்கணும். ஒரு பக்க பிரேக் ஒட்டிக்கிட்டிருக்கு. சுத்தியல் இருக்கா? இரும்பால இல்லய்யா, கட்டைப் பிடியால தட்டு. செல்லமா."

கூடத்தில் மேசைமேல் இருந்த கம்பெனியின் இரண்டாவது போன் அடித்தது. அவள் பேசிக்கொண்டிருந்தால் அடுத்த அழைப்பு அதற்குத்தான் வரும். யாரும் எடுக்கவில்லை. அத்தை முதலாளியைப் பார்த்தாள்.

"அதை எடுக்கலேன்னா அவளைத் திட்டுவாங்க" என்றாள்.

முதலாளி போய் எடுத்தார். நின்றுகொண்டே பேச முடியவில்லை, எழுத வேண்டியிருந்தது. உட்கார்ந்தார். ஈரப் பேண்டோடு, வெறுங்காலோடு, அந்த நாற்காலியில். "ஆமா, கம்பெனிதான். ...இல்லைங்க, யாரும் உள்ள மாட்டல, பட்டன்ல லைட்டு எரியலே, அவ்வளவுதானே? ...கட்டடம் எது சொன்னீங்க? ...வெயிட் பண்ணுங்க, பேனா எங்கன்னு தெரியலே." கேமரா அவரை நேராகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பூட்டிய ஆபீஸில் பார்க்க ஒருவரும் இல்லை.

உள்ளே, டக்கென்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு டக்.

"அதான்! ரெண்டு! விடு, விடு, மெதுவா... மஞ்சள் எங்க இருக்கு?"

"ஒரு முழம் இருக்கு மாஸ்டர். ...ஒரு ஜாண். ...நாலு விரல்."

"அம்மா, லிஃப்ட்டு அசையுதா? நகருதா? சொல்லுங்கம்மா. ஒரு தட்டு தட்டுங்க, பேச வேணாம்." அவள் போனுக்குள் குனிந்தாள். எதுவும் கேட்கவில்லை. பிறகு விரல் முட்டியால் தகரத்தில் தட்டிய சத்தம். ஒரே ஒரு தட்டு.

"நேரா வந்துடுச்சு மாஸ்டர்!"

"லீவரை விடச் சொல்லு. பிரேக் கடிச்சுதா? கடிச்சிருந்தா வாட்ச்மேன்கிட்ட இருக்குற லிஃப்ட் கதவுச் சாவியை எடுத்துக்கிட்டு ஓடு. விழுந்துடாம ஓடு. ஒடஞ்ச காலு ஒண்ணு போதும் இந்தக் கம்பெனிக்கு."

ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. படிகள். சாவி சொருகும் சத்தம் அவளுடைய போனிலேயே கேட்டது, ஏனென்றால் இப்போது அது லிஃப்ட் கதவுக்கு அந்தப் பக்கம்தான். பக்கத்து வீட்டுக்காரர்களின் குரல்கள். யாரோ அந்த அம்மாவின் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு இன்ஹேலரின் சீறல். நிசப்தம். மறுபடி ஒரு சீறல்.

அவள் போனை வைக்கவில்லை. மூன்று நிமிஷம் போனது.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னியே" என்றது அந்தக் குரல், கரகரவென்று, ஆனால் உடையாமல். "முப்பத்தோரு நிமிஷம். நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உனக்கு அஞ்சுன்னா எவ்வளவுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா இல்லையா? வீட்ல குக்கர் வெச்சுக்கிட்டு ஊரான் உசிரைக் காப்பாத்துறியே, அந்தச் சோறு குழைஞ்சு போகட்டும். உங்க கம்பெனியும், உங்க லிஃப்ட்டும், அந்தச் சுவத்துல ஒட்டியிருக்குற நம்பரும்..."

நீளமான திட்டு. அவள் முழுவதையும் கேட்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், "சொல்லுங்கம்மா, சொல்லுங்கம்மா" என்றாள்.

கூடத்துக்கு வந்தபோது முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இருபத்தாறு நிமிஷம் நாற்காலி காலி" என்றார்.

"ஆமா சார்." அவள் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். "அது பரவாயில்ல. அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. மீசையண்ணன் எங்க இருக்காருன்னு கேக்காமலே அஞ்சு நிமிஷம்னு வாக்குக் குடுத்துட்டேன். கொடியைப் பாத்து சொல்லிட்டேன்."

"அவ இல்ல. கிளிப்பை மாத்தி வெச்சது நான்" என்றாள் அத்தை. "இவ மேல பழி போட்டா நான் ஒத்துக்க மாட்டேன்."

முதலாளி கொடியைப் பார்த்தார். பாதி ஊர், பாதி துணி. பாலம் தாண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஈர பனியன். அவள் காட்டிய சிவப்பு கிளிப்பை எடுத்து மார்க்கெட்டிலிருந்து பாலம் தாண்டிக்கு மாற்றினார்.

"நாளைக்கு ஆபீஸ் பலகையைக் கழட்டி இங்க அனுப்புறேன்" என்றார். "ஆணியோட. யாரும் துணி காயப் போடக் கூடாது."

"சாவியெல்லாம், சார்?"

"சாவி அங்கயே இருக்கட்டும். காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை நான் போன் பண்றேன், யார் எங்கன்னு சொல்லு. ஒவ்வொரு தடவை அனுப்புறதுக்கு முன்னாடியும் மெக்கானிக் எங்க இருக்கான்னு அவன் வாயால கேட்டுட்டுத்தான் நேரம் சொல்லணும். பலகையை நம்பக் கூடாது." கண்ணாடியைத் துடைத்தார். "அந்தக் கேமராவை அணைச்சிடும்மா. ஆறு நாளா உன் நாற்காலியைப் பாத்ததுல என் மேசையில எதுவுமே நகரலே."

"அப்போ பத்து நாள், சார்?"

"ஆறு வாரம்னு கேட்டேயில்ல?" என்று குடையை எடுத்தார். கழற்றி வைத்த அட்டையை அவளிடமே நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

போகும்போது உள்ளறையை எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, நீயும் போன்ல ஃப்ரிட்ஜுக்குச் சொல்லிக் குடுக்கலாமே. படுத்துக்கிட்டேதானே."

மெக்கானிக் கையை வீசினார். "ஏதோ ஆபத்துக்கு ஒரு தடவை சார். இதையெல்லாம் வேலைன்னு சொன்னா வெளிய சிரிப்பாங்க."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. எட்டு ஐம்பதுக்கு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல் வந்தது. அவளுக்கில்லை.

"அம்மா. அந்தச் சட்டை காஞ்சிடுச்சா?"

"கழுத்துப் பட்டி இன்னும் ஈரமா இருக்குடா."

"பரவாயில்ல. குடு."

கொஞ்ச நேரம் சீப்பு ஓடும் சத்தம். பொத்தான் போடும் நிசப்தம். பிறகு மறுபடி கிசுகிசுப்பு, அதைவிடத் தாழ்ந்து. அம்மா வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். கையில் எதையோ முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மருமகளைக் கடந்துபோனாள்.

ஒன்பது அடித்தது. உள்ளறையில் போன் ஒலித்தது.

அவள் தண்ணீர் எடுக்க எழுந்தவள்போல் எழுந்து எட்டிப் பார்த்தாள். மேலே கம்பெனிச் சட்டை, கீழே அரைக்கால் சட்டை. பீரங்கி மூன்று தலையணைமேல் அப்படியே இருந்தது. கட்டிலிலிருந்து கீழே தொங்கிய வலது காலில், வாரை இறுக்கிப் போட்ட ஒற்றைச் செருப்பு.

"சொல்லு ஃப்ரிட்ஜ்" என்றார் மெக்கானிக். "எந்தக் கட்டடம்?"